குளிர்காலமும் குடியிருப்போர் உரிமையும்

ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால், பிரிட்டனின் எளிய குடும்பங்களில் ஒரு கணக்குத் தொடங்குகிறது. வீட்டைச் சூடாக்குவதா, வயிற்றை நிரப்புவதா என்பதே அக்கணக்கு. வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குக் குளிர் என்பது மார்கழி மாதத்தின் இதமான விடியற்காலை. அந்நாட்டின் வறியவர்க்கோ அது நோயாகவும் கடனாகவும், சில வேளைகளில் மரணமாகவும் வருகிறது. நம் வாசகர்களில் பலருக்கு மகனோ மகளோ உடன்பிறந்தாரோ அங்கு வாழ்கின்றனர். ஆதலால், அந்நாட்டுச் சமுதாய வாடகைக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் உதவியைப் பற்றியும், அது உரியவர்களைச் சென்றடையாமைக்கான காரணங்களைப் பற்றியும் சிந்திப்பது பொருத்தமாகும்.

அறத்தில் பிறந்த வீடுகள்

சமுதாய வாடகை வீடு என்பது இலாப நோக்கமின்றிக் குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடாகும். நகர மன்றங்கள் சிலவற்றையும், வீட்டு வசதிச் சங்கங்கள் சிலவற்றையும் நடத்துகின்றன. இதன் வேர் அறத்தில் உள்ளது. 1862-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பீபாடி என்னும் அமெரிக்க வணிகர், இலண்டன் நகர ஏழைகளின் நலனுக்கென 1,50,000 பவுன் வழங்கினார். அப்பணத்தில் எழுந்த முதற் குடியிருப்பு 1864-இல் கிழக்கு இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. வக்ஃபு என்னும் நிலையான அறக்கொடையின் பயனை அறிந்த நம் சமுதாயத்திற்கு இதன் சிறப்பை விளக்கத் தேவையில்லை. முதல் உலகப் போர் முடிந்த பின், 1919-ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம், அரசின் மானியத்தோடு வீடு கட்டும் பொறுப்பை நகர மன்றங்களிடம் ஒப்படைத்தது. தனவந்தரின் கொடையாக இருந்தது, அதன் பின்னர் அரசின் கடமையாயிற்று.

இன்று இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 40 இலட்சம் குடும்பங்கள் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றன. முதியோர், உடல் ஊனமுற்றோர், தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார், குறைந்த ஊதியத் தொழிலாளர் ஆகியோரே இவர்களில் பெரும்பாலோர். 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழும் முஸ்லிம்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் சமுதாய வாடகை வீடுகளில் உள்ளனர். எனவே இது பிறர் வீட்டுச் செய்தியன்று. நம் உறவினர் வீட்டுச் செய்தியுமாகும்.

குளிர் செய்யும் கேடு

வீட்டினுள் வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. அதற்குக் கீழே செல்லச் செல்ல இரத்தம் தடித்து, இரத்த அழுத்தம் உயர்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் நெருங்கி வருகின்றன. மூச்சுக்குழல் நோய்கள் முற்றுகின்றன. குளிர்காலத்தில் மிகுதியாக நேரும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மிகக் குளிர்ந்த வீடுகளில் வாழ்வதோடு தொடர்புடையது என்று 2011-இல் மார்மட் குழுவின் அறிக்கை கூறியது. அதே அறிக்கை, குளிர்ந்த வீடு மனத்தையும் வாட்டுகிறது என்று எடுத்துரைத்தது. ஒரே ஓர் அறையைச் சூடாக்கிக் குடும்பம் முழுவதும் அதனுள் ஒடுங்கும்போது பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை, முதியவர்க்கு ஓய்வில்லை, குளிர்ந்த வீட்டுக்கு விருந்தினரை அழைக்கவும் மனம் வருவதில்லை. இவ்வாறு குளிரோடு தனிமையும் குடிபுகுகிறது. தனிமையைக் கவனிக்கவென ஓர் அமைச்சரையே 2018-இல் அந்நாடு நியமித்தது என்றால் அத்துன்பத்தின் அளவை உணரலாம்.

இதனோடு விலையேற்றமும் சேர்ந்தது. சராசரிக் குடும்பத்தின் மின்சார, எரிவாயுச் செலவுக்கு அரசின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதித்த உச்சவரம்பு, 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுனாக இருந்தது. உக்ரைன் போருக்குப் பின், 2022 அக்டோபருக்கென அறிவிக்கப்பட்ட தொகையோ 3,549 பவுன்! அரசு தலையிட்டு அதனை 2,500 பவுன் அளவில் நிறுத்தியது. அவ்வாண்டு ஏறிய கடன் சுமை பல குடும்பங்களின் தோளைவிட்டு எளிதில் இறங்கவில்லை.

வறியவர் பலரின் வீட்டில் முன்பணம் செலுத்தும் மீட்டரே இருக்கிறது. பணம் தீர்ந்தால் விளக்கும் அடுப்பும் தாமே அணைந்துவிடும். இதனை எவரும் 'மின்வெட்டு' என்று பதிவு செய்வதில்லை. குடும்பமே தன்னைத் துண்டித்துக் கொண்டதாகக் கருதப்படுகிறது. கடன்பட்டோர் வீடுகளில் இம்மீட்டர்களை வலுக்கட்டாயமாகப் பொருத்தும் வழக்கம் பெரும் கண்டனத்திற்கு உள்ளாகி, 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. துணையின்றி வாழும் 75 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலும், 2 வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டிலும் அவ்வாறு பொருத்தலாகாது என்று அவ்வாண்டே விதி வகுக்கப்பட்டது. பெரிய அடுக்குமாடிகளில், ஒரே கொதிகலனிலிருந்து எல்லா வீடுகளுக்கும் வெப்பம் வழங்கும் முறை உண்டு. அங்கு வாழ்வோர்க்கு ஆஃப்ஜெமின் உச்சவரம்புப் பாதுகாப்பு கிட்டவில்லை. 2026 ஜனவரியில்தான் அம்முறை ஆஃப்ஜெமின் மேற்பார்வைக்குள் வந்தது.

என்னென்ன உதவிகள்?

உதவி இல்லையென்று கூற இயலாது. ஓய்வூதிய வயதை அடைந்தோர்க்கு 1997 முதல் குளிர்கால எரிபொருள் தொகை வழங்கப்பட்டு வருகிறது. 2025-26 குளிர்காலத்தில் வீடு ஒன்றுக்கு 200 பவுனும், 80 வயதை எட்டியவர் உள்ள வீட்டுக்கு 300 பவுனும் அதன் அளவு. குறைந்த வருமானமுடையோர் மின்கட்டணத்தில் 150 பவுன் கழிவு பெறும் திட்டம் ஒன்று 2011 முதல் நடைபெறுகிறது; வருமான அடிப்படையிலான உதவித்தொகை பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் 2025-இல் அது விரிவாக்கப்பட்டது. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, தொடர்ந்து 7 நாட்கள் சராசரி வெப்பநிலை பூஜ்ய டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால், ஒவ்வொரு 7 நாட்களுக்கும் 25 பவுன் வழங்கும் கடுங்குளிர் உதவியும் உண்டு. ஸ்காட்லாந்தில் இவற்றுள் சில வேறு பெயரிலும் வேறு விதியிலும் உள்ளன.

இவையன்றி, திடீர் நெருக்கடிக்கு உள்ளானோர்க்கென 2021 அக்டோபரில் தொடங்கிய குடும்ப உதவி நிதி, நகர மன்றங்கள் வழியே 2026 மார்ச் வரை வழங்கப்பட்டது. ஏப்ரல் முதல் அதன் இடத்தில் நெருக்கடி உதவிக்கான புதிய நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. வீட்டு வசதிச் சங்கங்கள் பலவும் தம் குடித்தனக்காரர்களுக்கெனத் துயர் துடைப்பு நிதி வைத்துள்ளன. மீட்டருக்கான பணச்சீட்டு, கம்பளம், மின்போர்வை ஆகியவற்றை வழங்குகின்றன. தனித்திருக்கும் முதியோரைத் தொலைபேசியில் நலம் விசாரிக்கின்றன. 1939 முதல் இயங்கும் குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் கட்டணமின்றி வழிகாட்டுகின்றன. கடன் ஆலோசகர் ஒருவரை அணுகினால், 60 நாட்களுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தி வைக்கப்படும் 'மூச்சு விடும் அவகாசம்' இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் சட்டமாக உள்ளது.

சென்றடையாத காரணம்

இத்தனை இருந்தும் குளிரில் நடுங்குவோர் ஏன்? முதற் காரணம், உதவி கதவுக்குக் கதவு மாறி நிற்பதாகும். ஒன்று மத்திய அரசிடம். ஒன்று நகர மன்றத்திடம். ஒன்று மின் நிறுவனத்திடம். மற்றொன்று வீட்டு உரிமையாளரிடம். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிச் சான்று, தனிக் கடைசி நாள். மின்கட்டணக் கழிவைப் பெற வேண்டுமானால் மின் கணக்கு, உதவித்தொகை பெறுபவர் பெயரிலோ அவர்தம் வாழ்க்கைத் துணையின் பெயரிலோ இருத்தல் வேண்டும். தாயார் பெயரில் உதவித்தொகையும் மகன் பெயரில் மின் கணக்கும் இருக்கும் கூட்டுக் குடும்பம் இச்சிறு விதியாலேயே 150 பவுனை இழக்க நேரிடும். ஆங்கிலம் அறியாத முதிய அன்னை இதை எங்ஙனம் அறிவார்?

2024-இல் நடந்தது இவ்வுண்மைக்குத் தெளிவான சான்று. அவ்வாண்டு, பென்ஷன் கிரெடிட் என்னும் வறியோர் ஓய்வூதியத் துணைத்தொகையையோ அதுபோன்ற வேறு சில உதவிகளையோ பெறுவோர்க்கு மட்டுமே குளிர்கால எரிபொருள் தொகை என்று அரசு அறிவித்தது. ஏறத்தாழ ஒரு கோடி முதியோர் அதனை இழந்தனர். செல்வர்க்கு அத்தொகை வேண்டியதில்லை என்பது நியாயமே. ஆயினும், அத்துணைத்தொகைக்கு முழுத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதிருந்த இலட்சக்கணக்கான ஏழை முதியோரும் செல்வரோடு சேர்த்துத் தள்ளப்பட்டனர். எதிர்ப்புக்குப் பின் 2025 ஜூனில் அரசு தன் முடிவை மாற்றி, ஆண்டு வருமானம் 35,000 பவுன் வரை உள்ளோர்க்கு மீண்டும் வழங்குவதாக அறிவித்தது. விண்ணப்பத்தையே வறுமையின் அளவுகோலாகக் கொண்டால், வாய் பேசா வறியவர் அளவுகோலுக்கு வெளியே நிற்பார் என்பதே இதன் படிப்பினை.

இரண்டாவது காரணம் நாணம். "பிறரிடம் கையேந்தி அறியோம்" என்பது நம் பெரியோரின் பெருமித மொழி. அப்பெருமிதம் போற்றுதற்குரியதே. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், கேட்கத் தயங்குவதால் அறியாதோர் கண்ணுக்குச் செல்வராகத் தோன்றும் ஏழைகளைக் குறிப்பிடுகிறது. அவர்களைத் தேடிச் சென்று கொடுக்கும் பொறுப்பைக் கொடுப்போர் மீது சுமத்துகிறது. எனவே, கேளாதவர் தேவையற்றவர் என்னும் முடிவு அறத்திற்கு ஒவ்வாதது. அதே வேளையில், முதியோர் ஒன்றை உணர்தல் வேண்டும். வாழ்நாளெல்லாம் ஆலையிலும் பேருந்திலும் உழைத்து வரி கட்டியவர் பெறும் ஓய்வூதியத் துணைத்தொகை இரவற் காசன்று. அவர் சேர்த்து வைத்த உரிமை. வாரத்துக்குச் சில பவுன்களே கிடைத்தாலும் அதனைப் பெறுவதால் மின்கட்டணக் கழிவு, கடுங்குளிர் உதவி, வாடகை உதவி எனப் பல கதவுகள் திறக்கும். சிறிய திறவுகோலைச் சிறிதென்று எறிந்துவிடலாமா?

சுவரில் எழுந்த கேள்வி

பணம் மட்டும் தந்தால் போதுமா என்னும் கேள்விக்கு இங்கிலாந்தின் ரோச்டேல் நகரம் துயரமான விடையளித்துள்ளது. சூடான் நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் பெற்றோர், வீட்டு வசதிச் சங்கம் ஒன்றின் சிறு வீட்டில் வாழ்ந்தனர். சுவரெங்கும் ஓதம் ஏறிப் பூஞ்சணம் படர்ந்தது. தந்தையார் 2017-ஆம் ஆண்டிலேயே முறையிட்டார். வர்ணம் பூசி மறைத்துக் கொள்ளுமாறு அவருக்குக் கூறப்பட்டது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்து சில நாட்களே ஆன அவாப் இஷாக் என்னும் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் உண்டான மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

இதில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி இன்னொன்றும் உண்டு. அக்குடும்பத்தின் வாழ்க்கை முறையும் குளியல் முறையுமே ஈரத்திற்குக் காரணம் என்று வீட்டு நிர்வாகம் கருதியிருந்தது. அவ்வாறு கருதியது தவறென்று பின்னர் அந்நிர்வாகமே ஒப்புக்கொண்டது. நாள்தோறும் ஐவேளை நீரால் தூய்மை செய்து தொழும் சமுதாயத்தின் மீது, அத்தூய்மையையே குற்றமாகச் சாட்டும் மனப்போக்கு எத்துணைக் கொடிது! காற்றோட்டக் குழல் இயங்காத குளியலறையையும், வெளியேற வழியின்றி வீட்டினுள் தேங்கும் ஈரக்காற்றையும் பார்க்காத கண்கள், குடித்தனக்காரரின் வழக்கத்தை மட்டும் பார்த்தன. குறையை வாழ்க்கை முறையின் மேல் ஏற்றும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று வீட்டு வசதிக் குறைதீர்ப்பாளர் 2021 அக்டோபரிலேயே அறிக்கை வெளியிட்டிருந்தார் என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

பெற்றோரின் விடாமுயற்சியால் அக்குழந்தையின் பெயரிலேயே சட்டம் பிறந்தது. 2023 ஜூலையில் நிறைவேறிய சமுதாய வீட்டு வசதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் ஒரு பகுதியான 'அவாப் சட்டம்', 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்தை 24 மணி நேரத்திற்குள் ஆராய்ந்து அகற்ற வேண்டும். பெரும் ஓதமும் பூஞ்சணமும் பற்றிய முறையீட்டை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆய்வு முடிந்த 3 வேலை நாட்களுக்குள் முடிவை எழுத்தில் தர வேண்டும். ஆய்வு முடிந்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டை ஆபத்தற்றதாக்க வேண்டும். இயலாவிடில் மாற்று இருப்பிடம் அளிக்க வேண்டும். கடுங்குளிர் போன்ற பிற கேடுகளையும் அடுத்த கட்டமாகச் சேர்க்க அரசு திட்டமிட்டது. இச்சட்டம் வரவேற்கத்தக்கது. ஆயினும், ஒரு பிஞ்சு உயிர் விலையாகக் கொடுக்கப்பட்ட பின்னரே வந்தது என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே வீட்டு உரிமையாளர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: குளிர்கால நலத் துண்டுப் பிரசுரம் அனுப்புவதற்கு முன், கொதிகலனைப் பழுது பாருங்கள். 'சன்னலைத் திறந்து வையுங்கள்' என்று அறிவுரை கூறுமுன், திறந்த சன்னல் வழியே வெளியேறும் வெப்பத்திற்கு யார் பணம் கட்டுவது என்று எண்ணுங்கள். சுவருக்குக் காப்பும் கூரைக்குக் கம்பளமும் இட்டால் ஒருமுறை செய்யும் அச்செலவு பல குளிர்காலங்களுக்குப் பயன் தரும். பணச்சீட்டு அவ்வாரத்துப் பசிக்கு மருந்து. செப்பனிட்ட வீடே நோய்க்கு மருந்து.

ஜமாஅத்துகளின் கடமை

2022-23 குளிர்காலத்தில் நூலகங்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்து, குளிரில் வாடுவோர் வந்து அமர இடமளித்தன. பள்ளிவாசல்கள் பலவும் அவ்வாறே செய்தன. மதம் பாராது தேநீரும் உணவும் வழங்கின. மனம் நிறைந்து பாராட்டுகிறோம். ஆனால் இரவு பத்து மணிக்கு அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டியது அதே குளிர்ந்த வீட்டுக்கன்றோ? எனவே ஜமாஅத்தின் பணி தேநீரோடு நின்றுவிடலாகாது. ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், சட்டமும் கணக்கும் அறிந்த இளைஞர் இருவர் ஒரு மேசையில் அமர்ந்து, முதியோரின் கடிதங்களைப் படித்துக் காட்டி விண்ணப்பங்களை நிரப்பித் தரட்டும். மின் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று பார்க்கட்டும். முறையீடு செய்த நாளையும், சுவரின் படத்தையும், வந்த பதிலையும் ஒரு கோப்பில் வைக்கக் கற்றுத் தரட்டும். பள்ளிவாசலுக்கு வராத பெண்களிடம் பெண்களே சென்று விசாரிக்கட்டும். ஜகாத் நிதியை உள்ளூர் ஏழைகளுக்கே பகிர்ந்தளிக்கும் அமைப்புகளும் அந்நாட்டில் உள்ளன. அவற்றின் முகவரியும் மேசையில் இருக்கட்டும். குடிவரவு விதியால் அரசு உதவி பெறத் தடையுள்ளவர்களை, விண்ணப்பிக்குமுன் தக்க சட்ட ஆலோசனைக்கு அனுப்பட்டும்.

ரமளான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னதாக வருகிறது. 2026-இல் பிப்ரவரியில் தொடங்கிய நோன்பு, 2030 அளவில் ஜனவரியிலும் டிசம்பரிலும் வரும். ஸஹர் நேரம் வீடு மிகக் குளிர்ந்திருக்கும் நேரமாகும். அப்போது அடுப்பும் வெந்நீரும் விளக்கும் ஒருங்கே தேவைப்படும். நோன்பாளியின் மீட்டரில் பணமில்லாமற் போவது அண்டை வீட்டாராகிய நமக்கு இழுக்கன்றோ? பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு ஒரு வாரத்து எரிபொருள் செலவையும் சேர்த்து வழங்க இப்போதே திட்டமிடலாம்.

வட்டிக் கடனைப் பற்றியும் ஒரு சொல். அவசரத்துக்கு அடுக்குமாடியின் வாசலிலேயே கடன் தர வருவோர் உண்டு. உரிமம் பெறாத அவர்கள் கொடுத்த கடனைச் சட்டத்தின் வழியே வசூலிக்க இயலாது; அவர்களிடம் கடன் வாங்கியவர் குற்றவாளியும் அல்லர். அச்சுறுத்தலுக்கு அஞ்சி மார்க்கமும் மானமும் இழப்பதைவிட, வாடகை பாக்கி விழுந்த முதல் வாரத்திலேயே வீட்டு அலுவலரிடம் வாய்திறந்து சொல்வது மேல்.

ஓர் ஆட்சேபம்

"உதவி மிகுந்தால் மக்கள் சோம்பேறிகளாவர், வரிப்பணம் வீணாகும்" என்பார் உளர். குளிர்ந்த வீட்டில் நிமோனியா கண்ட முதியவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் செலவும் வரிப்பணமே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இருமலால் பள்ளி செல்லாத குழந்தை, நாளைய நாட்டிற்கு நட்டமன்றோ? இவ்வீடுகளில் உழைக்கும் வயதினர் பலர் வேலையில் உள்ளவர்களே. அவர்தம் ஊதியம்தான் விலைவாசியோடு ஓடி இளைத்துவிட்டது. மேலும், 18 டிகிரி வெப்பம் ஆடம்பரமன்று. அதனை எவரும் அனுபவித்துச் சோம்பேறியானதாக நாம் கேள்வியுற்றதில்லை.

நம் முடிவான கருத்து இதுதான். அரசு, தன்னிடம் ஏற்கெனவே உள்ள விவரங்களைக் கொண்டு, தகுதியுடையோர் கேளாமலே உதவித்தொகை சென்றடையச் செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளர், முறையீட்டைக் குற்றச்சாட்டாகக் கொள்ளாது எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். சமுதாயம், கேளாதவர் வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும். குடியிருப்போரும் நாணத்தை விட்டுத் தம் உரிமையைக் கேட்க வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் குளிர் உள்ளே நுழைய இடம் கிடைத்துவிடும்.

பிரிட்டனில் உறவினர் உள்ள வாசகர்கள், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது வழக்கமான நல விசாரிப்போடு நின்றுவிடாமல், "வீடு சூடாக இருக்கிறதா? பக்கத்து வீட்டுப் பெரியவர் எப்படி இருக்கிறார்?" என்றும் கேட்பார்களாக. எல்லா இல்லங்களிலும் வெம்மையும் அமைதியும் நிலவ வல்ல இறைவன் அருள் புரிவானாக!